ஆறு செல்களும் ஒரு பேரேடும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி எனக்குப் பல வடிவங்களில் வருகிறது. களப்பணிக்காக இரண்டு மாதம் வெளியூர் செல்லும் ஆய்வு மாணவர் கேட்கிறார். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் பேராசிரியர் கேட்கிறார். "காரை அப்படியே நிறுத்திவிட்டுப் போகிறேன், திரும்பி வரும்போது ஸ்டார்ட் ஆகுமா?" வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் ஒருத்தியிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மட்டாஞ்சேரியில் என் பெரியப்பா வீட்டுக் காரின் பேட்டரியை மாதம் ஒருமுறை அளந்து பேரேட்டில் எழுதிவருபவள் நான் என்பது நண்பர்கள் பலருக்கும் தெரியும். தனித்தனியே விடையளிப்பதைக் காட்டிலும், தெரிந்தவற்றை ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. பதிவு நீளமானது. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்துவைத்து ஓய்வாகப் படிக்கலாம்.

முதலில், ஒரு பேட்டரிக்கு இத்தனை கவனம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா காரைக்குடியில் பிறந்தவர். இளம் வயதில் கொச்சிக்கு வந்து, பஜார் சாலையில் ஒரு மிளகு வணிக நிறுவனத்தில் 38 ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் 2010இல் ஒரு சிறிய கார் வாங்கினார். சில ஆண்டுகளாக அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துள்ளன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் எறணாகுளத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். எங்களுக்குக் கிடைத்திருப்பது காலை 6 மணி முறை. தோப்பும்படி வழியாக வில்லிங்டன் தீவைக் கடந்து போய்ச் சேர ஐந்தேகாலுக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடலில் நீர் தேங்கும். இரத்தத்தில் பொட்டாசியம் கூடும். அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. மழை கொட்டும் விடியற்காலையில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வரும் என்று நம்பியிருக்க முடியாது. சாவியைத் திருப்பியதும் இயந்திரம் உயிர் பெற வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மருந்து நேரத்திற்கு நிகரான தேவை.

பேரேடு பெரியப்பாவினுடையது. வணிக நிறுவனங்களில் முன்பு பயன்படுத்திய நீள வடிவப் பேரேடு, சிவப்புக் கோடிட்டது. கார் வாங்கிய நாள் முதல் பேட்டரிக்கு என்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். நாள், வெப்பநிலை, நிலை மின்னழுத்தம், ஸ்டார்ட் செய்யும்போது இறங்கும் மின்னழுத்தம், பிறகு ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட ஆறு பத்திகள். நீரிழிவு அவருடைய பார்வையைக் குறைத்த பிறகு எண்களைப் படிப்பதும் எழுதுவதும் என் வேலையாயின. நான் உரக்கப் படிப்பேன். அவர் திண்ணையில் அமர்ந்து கேட்பார். சென்ற மாத எண்களை மனத்திலிருந்தே ஒப்பிட்டுச் சொல்லும் நினைவாற்றல் அவருக்கு இன்றும் உண்டு.

இந்தப் பழக்கத்தின் வேரும் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அவ்வூரில் அமைய வழிசெய்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று நிறுவனம் திறக்கப்பட்டது. பெரியப்பாவின் பள்ளிப் பருவத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அங்கே ஆய்வக உதவியாளராகப் பணிபுரிந்தார். அளந்ததை உடனே எழுது, எழுதியதன் பக்கத்தில் அன்றைய வெப்பநிலையையும் எழுது என்பது அவரிடமிருந்து பெரியப்பா கற்ற பாடம்.

இனி பேட்டரிக்கு வருவோம். 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தை உருவாக்கினார். 1912இல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தபோது, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை இயக்கும் காலம் முடியத் தொடங்கியது. ஈய பேட்டரி காரின் நிரந்தர உறுப்பாயிற்று. அன்று முதல் அடிப்படை வேதியியல் மாறவில்லை. எங்கள் ஊர்க் காயலில் 2023 ஏப்ரல் முதல் வாட்டர் மெட்ரோப் படகுகள் லித்தியம் டைட்டனேட் மின்கலங்களால் ஓடுகின்றன. ஆனால் படகுத்துறை வாசலில் நிற்கும் கார்களின் பானெட்டுக்குள் பிளாந்தேயின் ஈயம்தான் இருக்கிறது. மின்சாரக் கார்களிலும் விளக்குக்கும் பூட்டுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் தனியாக 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பலவற்றில் அதுவும் ஈய பேட்டரியே.

12 வோல்ட் பேட்டரி என்பது ஒரே பொருள் அன்று, ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு செல்களின் வரிசை. ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடும் ஈய டைஆக்சைடுத் தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் எடுக்கப்படும்போது இரு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது சல்பேட் கரைந்து அமிலம் மீண்டும் செறிவடைகிறது. இந்த ஒரு செய்தி மனத்தில் இருந்தால் பராமரிப்பு முறைகள் அனைத்தும் தாமாகவே விளங்கும். புதிதாகப் படியும் சல்பேட் மென்மையான சிறு படிகங்களாக இருக்கும். மின்னேற்றினால் எளிதில் கரையும். பாதி மின்னேற்றத்தில் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அப்படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதாகக் கரையாது. பேட்டரி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே மிகுதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. சிறிய கார் ஒன்றை ஸ்டார்ட் செய்ய 120 ஆம்பியர் மின்னோட்டம் 2 நொடி தேவை என்று கொள்வோம். அதன் செலவு 0.07 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் சில நிமிடங்களில் அதை ஈடுசெய்துவிடும். மறுபுறம், பூட்டி நிறுத்திய காரில் கடிகாரம், ஒலிப்பெட்டியின் நினைவகம், பூட்டுக் கருவி போன்றவை ஓசையின்றி மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. அது 30 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. அதாவது கார் ஒரு நாள் சும்மா நிற்பதற்கு ஆகும் செலவு, அதைப் பத்து முறை ஸ்டார்ட் செய்வதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதல். 24 நாட்களில் பேட்டரியின் பாதி காலியாகிவிடும். பேட்டரி தனக்குள்ளேயே இழக்கும் மின்சாரம் இக்கணக்கில் சேரவில்லை. வெப்பம் கூடக்கூட அந்த இழப்பும் கூடும். மட்டாஞ்சேரியில் இது பலருடைய நிலை. சந்துகள் குறுகியவை; கடையும் படகுத்துறையும் நடந்து போகும் தூரத்தில் இருப்பவை. கார் ஓடும் நாட்களைவிட நிற்கும் நாட்களே அதிகம்.

பேட்டரியை வீட்டில் அளப்பதற்கு முதலில் வேண்டியது ஒரு மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய கருவி போதும். அளக்கும் நேரந்தான் முக்கியம். இப்போதுதான் ஓடி நின்ற காரில் அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னேற்றம் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். எனவே இரவு முழுதும் நின்ற காரில் காலையில் கதவைத் திறப்பதற்கு முன், அல்லது திறந்து விளக்குகள் எல்லாம் அணைந்த பின் அளக்க வேண்டும். வழக்கமான அமிலச் செறிவுள்ள பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழு மின்னேற்றம், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். இரண்டாவது அளவு, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் பார்த்துக் குறிப்பது: ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே போகாதிருப்பது நலம். மூன்றாவது, இயந்திரம் ஓடும்போது எடுப்பது: பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இது குறைந்தால் குற்றம் ஆல்டர்னேட்டரிலோ வார்ப்பட்டையிலோ இருக்கலாம். புதிய பேட்டரி வாங்குவதால் பயனில்லை. மின்னேற்றத்தைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த எண் ஏறி இறங்குவது இயல்பு.

இந்த மூன்று எண்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. மூடியைத் திறக்க முடியாத பேட்டரியில் வேறு வழியும் இல்லை. திறக்கக்கூடிய பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை கொண்ட கருவி அது. பட்டறைகளில் 'கிராவிட்டி பார்ப்பது' என்பார்கள். மல்டிமீட்டர் ஆறு செல்களின் கூட்டுத்தொகையைத் தருகிறது. ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு செல்லிலும் உள்ள அமிலத்தின் ஒப்படர்த்தியைத் தனித்தனியே தருகிறது. முழு மின்னேற்றத்தில் 1.265 அளவில் இருப்பது பொதுவான வழக்கம். வெப்ப நாடுகளுக்கான சில பேட்டரிகளில் 1.240 என்று குறைத்தே நிரப்புகிறார்கள். உங்கள் பேட்டரிக்கு உரிய எண்ணைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 27 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டியும், கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் அவ்வளவு கழித்தும் எழுத வேண்டும். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்கக் கூடாது. அது அமிலத்தோடு கலக்கும் வரை பொறுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு நடந்ததை இங்கே சொல்கிறேன். அப்போது காரில் இருந்தது 1.240 செறிவுடைய பேட்டரி. நவம்பரில் ஆறு பத்திகளிலும் 1.240, ஒன்றில் மட்டும் 1.235. ஜனவரியில் நான்காம் பத்தியில் 1.220. மார்ச்சில் மற்ற ஐந்தும் 1.235 என்று நிற்க, நான்காவது 1.180க்கு இறங்கியிருந்தது. நான் எண்ணைப் படித்ததும் பெரியப்பா, "நாலாவதை மறுபடியும் எடு ஆத்தா" என்றார். எடுத்தேன். அதே எண்.

அன்று காலை நிலை மின்னழுத்தம் 12.40 வோல்ட். வழியில் ஒரு கடையில் காட்டியபோது, "முக்கால் சார்ஜ் இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் ஓடும்" என்றார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஒரு செல்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ அதன் ஒப்படர்த்தியோடு 0.84 கூட்டினால் வருவது. 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்கு 12.48. மார்ச் மாத எண்களைக் கூட்டினால் 12.40 வருகிறது. வேறுபாடு 0.08 வோல்ட். சாதாரண மல்டிமீட்டரில் இதைப் பொருட்படுத்த மாட்டோம். ஒரு செல் செத்துக்கொண்டிருந்த செய்தி அந்த 0.08க்குள் அடங்கிக் கிடந்தது. கூட்டுத்தொகையில் நலிந்தது மறைந்துவிடும் என்பது புள்ளியியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பொருளாதார வரலாற்றில் ஊர்ச் சராசரியை வைத்துப் பஞ்சத்தைப் பேசியவர்களிடமும் இதே இடறலைக் கண்டிருக்கிறோம்.

செல்களுக்கு இடையே 0.050க்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயப்பட வேண்டும் என்பது பட்டறை விதி. அதையும் உடனே முடிவாகக் கொள்ளக் கூடாது. மெதுவாக மின்னேற்றும் சார்ஜரில் இரவு முழுவதும் வைத்து, ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு மீண்டும் அளக்க வேண்டும். எல்லாச் செல்களும் ஏறினால் குறைந்தது மின்னேற்றம் மட்டுமே. ஒன்று மட்டும் ஏறாவிட்டால் அந்தச் செல் கெட்டுவிட்டது. ஐந்து செல்கள் 1.240க்குத் திரும்பின. நான்காவது 1.190இல் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் நவம்பரில் 10.4 ஆக இருந்தது, இப்போது 9.3. சுள்ளிக்கல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைப்பார்கள். பேரேட்டின் அந்தப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். "மோளே, இது இன்னும் ஒரு மாசம் தாங்கும். மழை தாங்காது" என்றார். மே மாதத்தில் புதிய பேட்டரி மாற்றினோம். ஜூன், ஜூலை மாதங்களில் டயாலிசிசுக்குப் புறப்பட்ட எந்த விடியற்காலையிலும் கார் எங்களைக் கைவிடவில்லை. அந்தப் பேட்டரி எந்த நாளில் நின்றிருக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. அந்த நாளுக்காக நாங்கள் காத்திருக்க நேரவில்லை.

சீலிட்ட பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மேலே பச்சை, கறுப்பு என்று நிறம் காட்டும் சிறு கண் ஒன்று இருக்கும். அதுவும் ஒரு ஹைட்ரோமீட்டரே. ஆறு செல்களில் ஒன்றின் நிலையை மட்டும் காட்டுவது. நலிந்தது வேறொரு செல்லாக இருந்தால் கண் பச்சையாகவே இருக்கும். எனவே அத்தகைய பேட்டரியில் ஸ்டார்ட் செய்யும்போது இறங்கும் மின்னழுத்தத்தை மாதந்தோறும் குறித்துவருவது இன்றியமையாதது. ஒற்றை எண் அதிகம் சொல்லாது. ஓராண்டு எண்களின் சரிவு சொல்லும்.

பேட்டரிக்கும் என் ஆய்வுக்கும் ஓர் எதிர்பாராத தொடர்பு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரியக் கடல் பயண நூல், முசிறி உள்ளிட்ட மலபார்த் துறைகளில் இறக்குமதியான பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் செம்பு, தகரம், ஈயம் ஆகியவற்றோடு அஞ்சனக்கல்லும் இடம்பெறுகிறது. அஞ்சனக்கல் ஆண்டிமனியின் தாது. பழைய முறை பேட்டரித் தகடுகளின் சட்டம் ஈயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகத்தால் ஆனது. தனி ஈயம் மிக மென்மையானது என்பதால் ஆண்டிமனி சேர்த்து வலுவூட்டினார்கள். மிளகுக்கு ஈடாக மலபாரில் வந்திறங்கிய இரண்டு பொருள்கள், மிளகுக் கணக்கர் ஒருவருடைய காரில் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. இந்தச் செய்தியைச் சொன்னபோது பெரியப்பா வெகுநேரம் சிரித்தார். நடைமுறைப் பயனும் இதில் உண்டு. ஆண்டிமனி கலந்த தகடு மின்னேற்றத்தின்போது நீரை அதிகம் இழக்கும். அதனால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கால்சியம் கலந்த தகடுகள் வந்த பிறகு அந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. 'பராமரிப்பு வேண்டாத பேட்டரி' என்று விற்பனைக்கு வந்தவை அவையே. அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது சரி. பராமரிப்பே வேண்டாம் என்பது விளம்பரம்.

தண்ணீர் ஊற்றும் முறை: காய்ச்சி வடித்த நீரோ கனிமம் நீக்கிய நீரோ மட்டும் ஊற்ற வேண்டும்; கடைகளில் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள். மேற்குக் கொச்சியில் கிணற்று நீர் உப்புச் சுவை கொண்டது. அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளுக்கு நஞ்சு. குடிக்க உகந்த குழாய் நீரும் பேட்டரிக்கு உகந்ததன்று. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மின்னேற்றிய பிறகு குறியீடு வரை நிரப்புங்கள். முன்னரே நிரப்பினால் மின்னேற்றத்தின்போது விரிந்து பொங்கி வழியும். அமிலம் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். ஆவியாகிப் போவது நீர், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

டெர்மினல்களில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ தூள் படிவது கடற்காற்றும் ஈரமும் உள்ள எங்கள் ஊரில் வாடிக்கை. அது மின்னோட்டத்தைத் தடுக்கும். பேட்டரி முழு மின்னேற்றத்தில் இருந்தும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அமிலம் நுரைத்து அடங்கும். கேரளத்தில் அப்பக்காரம் என்று கேட்டால் தருவார்கள். கரைசல் செல்களுக்குள் புகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பிறகு நல்ல நீரால் துடைத்து, உலர்த்தி, கம்பியை இறுக்கிப் பொருத்தி, மேலே வாஸ்லின் பூசுங்கள்.

இவ்வேலைகளில் பாதுகாப்பு விதிகள் சில உண்டு. இவற்றில் தளர்வு கூடாது. மின்னேறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். அருகில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, பீடி எதுவும் வேண்டாம். காற்றோட்டமான இடம் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணியுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு வளையல் இரு டெர்மினல்களையும் தொட்டால் நொடியில் பழுத்துவிடும். கழற்றும்போது எதிர்முனை முதலில், பொருத்தும்போது எதிர்முனை கடைசியில். அமிலம் தோலில் பட்டால் ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேறொரு காரிலிருந்து கம்பி கொடுத்து ஸ்டார்ட் செய்ய நேர்ந்தால் சிவப்புக் கம்பியை இறந்த பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு உதவும் பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்புக் கம்பியை உதவும் பேட்டரியின் எதிர்முனையிலும் இணைத்து, அதன் மறுநுனியை நின்றுபோன காரின் இயந்திர உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி, இணையுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது ஹைட்ரஜனுக்கு அருகில் நிகழக் கூடாது.

இப்போது இரண்டு மாதம் வெளியூர் போகிறவர்களுக்கு விடை. புறப்படுவதற்கு முன் பேட்டரியை முழுமையாக மின்னேற்றுங்கள். பழைய கார் என்றால் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். புதிய கார் என்றால் அதனால் எந்த அமைப்புகள் அழியும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னேற்றம் நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரை இணைத்துவைக்க வசதியிருந்தால் அதுவே சிறந்தது. பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடச் சொல்வது பலரின் வழக்கம். அந்த ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்த செலவை ஈடுகட்டும். ஒரு வாரம் நின்ற செலவை ஈடுகட்டாது. ஓடவிடுவதானால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். வெயில் விழாத இடத்தில் நிறுத்துங்கள்; பேட்டரியின் ஆயுளை வெப்பம் குறைப்பதுபோல வேறு எதுவும் குறைப்பதில்லை.

கடைசியாக, பழைய பேட்டரி எங்கே போகிறது என்பது. ஈயத்தை உருக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். முறையான ஆலையில் அது நடந்தால் இதைப்போல முழுமையாக மறுசுழற்சியாகும் பொருள் அரிது. அது கொல்லைப்புறத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டின் தியாரோய்-சூர்-மேர் சான்று. 2007 இறுதியிலிருந்து 2008 தொடக்கம் வரை சில மாதங்களில் 18 குழந்தைகள் அங்கே இறந்தனர். பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடத்தின் மண்ணும் தூசியும் காரணம். யூனிசெப்பும் பியூர் எர்த்தும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. நம் நாட்டில் 2001 முதல் விதிகள் உள்ளன; 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன.

எனவே பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அவர் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அதன் மீதித் தொகையை எங்கோ ஒரு குழந்தை செலுத்துகிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, ரசீது கேட்டு வாங்குங்கள். எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு பேட்டரிக்கும் இரண்டு நாட்கள் இருக்கின்றன: இடப்பக்கம் வாங்கிய நாள், வலப்பக்கம் திருப்பிக் கொடுத்த நாள். சென்ற மே மாதம் மூன்றாவது பேட்டரியின் ரசீதை வலப்பக்கத்தில் ஒட்டச் சொன்னார் பெரியப்பா. ஒட்டியதும் விரலால் தடவிப் பார்த்து, ரசீது நேராக இருக்கிறதா என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது. அதன் பிறகே புதிய பேட்டரியின் முதல் வரியை எழுதச் சொன்னார்.